ஒரே வாரத்தில் இரண்டு முறை மூழ்கியவர்கள்: ‘செயின்ட் குரோய்’ நிகழ்வு ஆய்வு

1943 செப்டம்பர் 20ஆம் தேதி, ஐஸ்லாந்துக்குத் தென்மேற்கே நடு அட்லாண்டிக்கில், கனடாவின் ‘செயின்ட் குரோய்’ நாசகாரிக் கப்பல் டார்பிடோ பட்டு மூழ்கியது. மறுநாள் காலை அதன் ஆட்களில் 81 பேரை பிரிட்டனின் ‘இட்சன்’ ஃபிரிகேட் (கான்வாய்க் காவல் போர்க்கப்பல்) உயிரோடு தூக்கிக் காப்பாற்றியது. 22ஆம் தேதி நள்ளிரவையொட்டி இட்சனும் டார்பிடோ பட்டு வெடித்துச் சிதறியது. அந்த 81 பேரில் பிழைத்தது ஒரே ஒருவர், ஒரு ஸ்டோக்கர் (கொதிகலன் அறைப் பணியாளர்). செயின்ட் குரோயில் பயணித்த மொத்தப் பேரிலும் கரை சேர்ந்தவர் அவர் மட்டும்தான்.

இந்தச் சாவுகளுக்கு டார்பிடோவைக் காரணம் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் முதல் டார்பிடோ 81 பேரைக் கொல்லவில்லை. மீட்பு ஏன் சுமார் 13 மணி நேரம் தாமதமானது, மீட்கப்பட்டவர்கள் ஏன் போர் நடக்கும் இடத்திலேயே இருக்க நேர்ந்தது என்ற இரண்டு கேள்விகளில்தான் இந்த நிகழ்வின் மையம் இருக்கிறது. இரண்டுக்கும் விடை ஒன்றே: மீட்க வரும் கப்பலையே குறிவைக்கும் ஆயுதம் ஒன்று அந்த வாரம்தான் முதன்முதலாகக் களத்துக்கு வந்திருந்தது.

ஆட்களும் கப்பலும்

1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது கனடா கடற்படையில் நிரந்தரப் பணியாளர்கள் சுமார் 1,800 பேர். போர் முடியும்போது படை ஏறத்தாழ ஒரு லட்சமாகிவிட்டது. இடையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தன்னார்வ ரிசர்வ் படையினர். நாட்டின் பல நகரங்களில் இருந்த ரிசர்வ் பிரிவுகளில் பெயர் கொடுத்துச் சேர்ந்த எழுத்தர்கள், விவசாயிகளின் பிள்ளைகள், மாணவர்கள். கடலையே பார்த்திராத வின்னிபெக் போன்ற உள்நாட்டு ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அதிகாரிகளின் சட்டைக்கையில் உள்ள தங்கப்பட்டையைப் பார்த்தே யார் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். நிரந்தரப் படைக்கு நேர்ப்பட்டை, வணிகக் கப்பலிலிருந்து வந்த ரிசர்வுக்குப் பின்னிய பட்டை, தன்னார்வலருக்கு அலைபோல் வளைந்த பட்டை.

செயின்ட் குரோயின் தளபதி ஏ. எச். டாப்சன் பின்னல் பட்டைக்காரர், வணிகக் கப்பல் அனுபவம் உள்ளவர். கப்பலின் மருத்துவரோ தன்னார்வலர்: பிரதமர் வில்லியம் லியான் மெக்கன்சி கிங்கின் தம்பி மகன், பெரியப்பாவின் பெயரையே தன் பெயராகக் கொண்டவர். நாட்டின் பிரதமருடைய குடும்பத்துக்கும், சாதாரண ஸ்டோக்கர் குடும்பத்துக்கும் அந்த மாதம் போன செய்தி ஒன்றுதான்.

கப்பலுக்கு வருவோம். அமெரிக்கக் கடற்படையில் 1919இல் ‘மெக்குக்’ என்ற பெயரில் பணியில் சேர்ந்தது. 1940இல் பிரிட்டனின் தளங்களுக்கு ஈடாக அமெரிக்கா தந்த 50 பழைய நாசகாரிகளில் ஒன்று. நான்கு புகைபோக்கி, சுமார் 96 மீட்டர் நீளம், ஒன்பதரை மீட்டர் அகலம். இந்த ஒல்லியான உடம்பு வேகத்துக்கு நல்லது, வட அட்லாண்டிக் அலைக்கு நல்லதல்ல, பயங்கரமாக உருளும். திரும்புவதற்குப் பெரிய வட்டம் வேண்டும். சட்டென்று விலகி ஓடவேண்டிய நேரத்தில் இது பெருங்குறை. இத்தனை குறையோடும் 1942 ஜூலையில் யூ-90 நீர்மூழ்கியைத் தனியாகவும், 1943 மார்ச்சில் யூ-87ஐ ‘ஷெடியாக்’ கார்வெட்டோடு (சிறிய காவல் கப்பல்) சேர்ந்தும் மூழ்கடித்த கப்பல் இது. அனுபவமில்லாத ஆட்கள் என்று இவர்களைத் தள்ளிவிட முடியாது.

சத்தத்தைத் தேடி வரும் டார்பிடோ

1943 மே மாதத்தில் அடிவாங்கி அட்லாண்டிக்கிலிருந்து விலகிய ஜெர்மன் நீர்மூழ்கிகள் செப்டம்பரில் திரும்பி வந்தபோது கையில் டி5 என்ற புது டார்பிடோ இருந்தது. ஜெர்மானியர் வைத்த பெயர் ‘சவுன்கோனிக்’, நேச நாட்டினர் சொன்னது ‘நாட்’ (GNAT). இதன் வேகம் சுமார் 24.5 நாட் (வேக அளவு, மணிக்கு கடல் மைல்), ஓடும் தூரம் சுமார் 5,700 மீட்டர், வெடிமருந்து 274 கிலோ. மூக்கில் இருக்கும் ஒலிவாங்கிகள், கப்பலின் புரொப்பல்லர் சுழலும்போது நீரில் குமிழிகள் உடைந்து எழும் கூர்மையான இரைச்சலைப் பிடித்து, அந்தப் பக்கமாகச் சுக்கானைத் திருப்பும். அதனால்தான் அடி பெரும்பாலும் பின்பகுதியில் விழும்.

10 முதல் 18 நாட் வரை ஓடும் கப்பல்தான் இதற்கு வாகான இலக்கு. அதைவிட மெதுவாகப் போனால் இரைச்சல் போதாது. 24 நாட்டைத் தாண்டினால் டார்பிடோவால் எட்டிப் பிடிக்க முடியாது. காவல் கப்பல்கள் வேலை செய்யும் வேகமோ சரியாக அந்த நடு வரம்புக்குள்தான் வருகிறது.

இதில் உள்ள கொடுமையைப் புரிந்துகொள்ள, அதுவரை இருந்த நடைமுறையைப் பார்க்க வேண்டும். நீர்மூழ்கி வானொலியில் பேசினால், கான்வாயில் (காவலோடு கூட்டமாகப் போகும் வணிகக் கப்பல் அணி) உள்ள திசைகாட்டிக் கருவி அந்தச் சிற்றலைச் செய்தி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டிவிடும். உடனே ஒரு காவல் கப்பல் அந்தத் திசையில் 15 நாட்டுக்கு மேல் விரைந்து போய், நீர்மூழ்கியை நீருக்குள் அமிழ வைக்கும். அமிழ்ந்துவிட்டால் அதன் வேகம் செத்துவிடும், கான்வாய் தப்பிவிடும். நேராகத் தன்னை நோக்கி வரும் கப்பலைப் பழைய டார்பிடோவால் அடிப்பது கடினம். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இலக்கு அவ்வளவு ஒல்லி. டி5க்கு அந்தக் கவலை கிடையாது. நேராக வருபவனின் சத்தத்தை நோக்கி விட்டால் போதும். அதுவரை கான்வாய்களைக் காத்த சரியான நடைமுறையே அன்றைக்குப் பொறியாகிவிட்டது. செயின்ட் குரோயின் கட்டளைத் தளத்தில் நின்றவர்கள் தவறு ஏதும் செய்யவில்லை.

செப்டம்பர் 20

மேற்கே போன இரண்டு கான்வாய்கள் சம்பந்தப்பட்டவை: மெதுவான ஓஎன்எஸ் 18, அதற்குப் பின்னால் கிளம்பி அதை நெருங்கிக்கொண்டிருந்த வேகமான ஓஎன் 202. இரண்டிலுமாக 60க்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள். எதிரே ‘லாய்தன்’ என்று பெயரிட்ட சுமார் 20 நீர்மூழ்கிகளின் வரிசை. பிஸ்கே வளைகுடாப் பக்கம் போகவேண்டிய 9ஆம் காவல் குழுவை வழிமாற்றி உதவிக்கு அனுப்பியிருந்தார்கள். இட்சன், செயின்ட் குரோய், சாம்ப்ளி, மோர்டன், சாக்வில் ஆகியவை அந்தக் குழுவில் இருந்தன.

20ஆம் தேதி விடியும் முன்பே ‘லாகன்’ ஃபிரிகேட்டின் பின்பகுதியை யூ-270 சிதைத்துவிட்டது. 29 பேர் இறந்தார்கள். கப்பலை இழுத்துக் கரை சேர்த்தும் அது மறுபடி கடலுக்குப் போகவில்லை. அன்றே இரண்டு வணிகக் கப்பல்களும் அடிபட்டன. இரண்டு கான்வாய்களையும் ஒன்றாக்கிவிட உத்தரவு வந்து, மாலையில் அந்தச் சேர்க்கை குழப்பத்தோடு நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் செயின்ட் குரோய் கான்வாயின் பின்புறம் நீர்மூழ்கியைத் தேடிப் போனது. யூ-305, தளபதி ருடால்ஃப் பார், டி5ஐ விட்டார். கப்பலின் பின்பகுதியில் வெடித்தது. புரொப்பல்லர் போய், கப்பல் நின்று, இடப்பக்கம் சாய்ந்தது. உடனே மூழ்கவில்லை என்பதால் படகையும் மிதவைகளையும் இறக்க அவகாசம் கிடைத்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து யூ-305 திரும்பி வந்து இன்னொரு டார்பிடோவை விட்டது. அதன்பின் மூன்றே நிமிடங்களில் கப்பல் கடலுக்குள் போனது.

இட்சன் அருகில் வந்தது. அதன் மீதும் டார்பிடோ விட்டார்கள். அது கப்பலின் பின்னே நுரைத்தடத்தில் வெடித்தது. இட்சன் விலகிப் போக வேண்டியதாயிற்று. அதற்குத் துணையாக அனுப்பிய ‘பாலியாந்தஸ்’ கார்வெட்டும் அன்றிரவே டி5க்குப் பலியானது. அதிலிருந்து ஒரே ஒருவரைத்தான் பிறகு இட்சன் தூக்கியது.

அடிபட்ட கப்பலின் ஆட்களைத் தூக்குவதற்கு மீட்பவர் என்ஜினை நிறுத்தி, 20 நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும். பிறகு கிளம்பி வேகம் எடுக்கும்போது அந்த 10–18 நாட் வரம்பைக் கடந்தாக வேண்டும். பக்கத்திலேயே நீர்மூழ்கி இருக்கிறது என்பது உறுதி. இந்நிலையில் இட்சன் தளபதி பிரிட்ஜ்மன் முதலில் விலகியது கடினமான, ஆனால் சரியான முடிவு. பாலியாந்தஸின் கதி அதற்கு அன்றிரவே கிடைத்த சாட்சி.

பதின்மூன்று மணி நேரம்

செப்டம்பரில் அந்தக் கடலின் நீர் 10 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இந்தக் குளிரில் மனித உடம்புக்கு நேர்வது ஓர் ஒழுங்கில் நடக்கிறது. முதல் மூன்று நிமிடம் மூச்சுத் திணறல்: குளிர் தோலில் பட்டதும் தானாகவே பெருமூச்சு வாங்கும், அப்போது வாய் நீருக்கடியில் இருந்தால் அதோடு முடிந்தது. அடுத்த அரைமணிக்குள் விரல்களும் கைகளும் மரத்துப்போகும். நீச்சல் தெரிந்தவரும் நீந்த முடியாது, கயிற்றைப் பிடிக்க முடியாது, முடிச்சுப் போட முடியாது. உடம்பின் உள்வெப்பம் இறங்கி மயக்கம் வருவது அதற்கப்புறம்தான். கடைசி ஆபத்து, மீட்கும் நேரத்தில். நீரின் அழுத்தத்தில் இருந்த உடம்பை நெட்டாகத் தூக்கினால் இரத்தம் காலுக்கு இறங்கி இதயம் நின்றுவிடும். கிடந்த நிலையில் தூக்க வேண்டும் என்பது இன்று மீட்புப் பயிற்சியில் பாலபாடம். அன்று கப்பலின் பக்கவாட்டில் வலையைத் தொங்கவிட்டு, ஏறிவரச் சொல்வதுதான் முறை. மேலே வந்தவருக்கு ரம் கொடுப்பார்கள். அது தோலுக்கு இரத்தத்தைத் திருப்பி உள்வெப்பத்தை இன்னும் குறைக்கும்.

மிதவையின் குறையையும் சொல்ல வேண்டும். போர்க்கப்பல்களில் இருந்தது கார்லி மிதவை. உள்ளே வெறுமையான செம்புக் குழாயை முட்டை வடிவில் வளைத்து, மேலே கார்க் போன்ற மிதக்கும் பொருளைச் சுற்றி, கித்தான் போர்த்தி வண்ணம் அடித்தது. நடுவே கயிற்றில் தொங்கும் மரச்சட்டத் தரை. எந்தப் பக்கம் கவிழ்ந்து விழுந்தாலும் பயன்படும், இறக்குவதும் சுலபம், குண்டு துளைத்தாலும் முழுதாக மூழ்காது. ஆனால் உள்ளே உட்கார்ந்தவர் இடுப்பளவு நீரில்தான் இருப்பார். இடம் கிடைக்காதவர்கள் வெளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு நீரில் கிடப்பார்கள். மூழ்காமல் காக்கும், குளிரிலிருந்து காக்காது.

இதோடு எரிஎண்ணெய். தொட்டி உடைந்து நீரின்மேல் கெட்டியாகப் பரவும். கண் எரியும், விழுங்கினால் வாந்தி, நுரையீரலுக்குள் போனால் பிறகும் ஆபத்து. மீட்பவருக்கு அது வேறு விதத்தில் தொல்லை: எண்ணெயில் தோய்ந்த கையை இழுத்தால் வழுக்கிவிடும். அதனால் மாலுமி ஒருவர் வலையில் இறங்கி, நீரில் இருப்பவரின் அக்குளுக்கடியில் கயிற்றுக் கண்ணியை மாட்டி, மேலிருந்து இழுக்கச் சொல்ல வேண்டும். ஒருவருக்கே பல நிமிடம் ஆகும். உயிர்காப்பு அங்கியில் கவட்டைப் பட்டை இல்லாவிட்டால், கப்பலிலிருந்து குதித்த வேகத்தில் அங்கி மேலேறி முகத்தை அடைத்துவிடும். தோளில் சிறு விளக்கு இல்லாவிட்டால் இரவில் அலைக்கு நடுவே தலையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த நிலையில் இரவு முழுக்க இருந்து 81 பேர் காலைவரை தாங்கியது அசாதாரணம். படகும் மிதவைகளும் ஒழுங்காக இறங்கியதும், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கூட்டமாக இருந்ததும் இல்லாமல் இது நடந்திருக்காது. போர் முடிந்தபின், 1946இல், பிரிட்டிஷ் கடற்படை அமைத்த டால்பட் குழு இதே பாடத்தைத்தான் பெரிய அளவில் கண்டது: கப்பலோடு சேர்ந்து செத்தவர்களைவிட, கப்பலை விட்டு வெளியேறிய பிறகு நீரிலும் மிதவையிலும் செத்தவர்களே அதிகம். காற்றூதும் மூடிய மிதவைகள் கடற்படைகளில் பரவியதற்கு இந்தக் கணக்கு முக்கியமான காரணம்.

இட்சன்

21ஆம் தேதி காலை இட்சன் திரும்பி வந்து தூக்கியது. அதன்பின் கடும் மூடுபனி இறங்கியது. கான்வாய்க்கு அது நல்லதாகப் போயிற்று, நீர்மூழ்கிகள் குருடாகிவிட்டன. ஓஎன் 202உடன் ‘ராத்லின்’ என்ற மீட்புக் கப்பல் இருந்தது. வணிகக் கப்பல் மாலுமிகளை அது தூக்கியிருந்தது. நோயாளிக் கட்டில்களும் மருத்துவரும் உள்ள கப்பல் அது. ஆனால் நடுக்கடலில் 80க்கு மேற்பட்ட பலவீனமான ஆட்களைப் படகு வழியாக மாற்றுவது என்றால் இரண்டு கப்பலும் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அது நடக்கவில்லை, அவர்கள் இட்சனிலேயே இருந்தார்கள். தன் சொந்த ஆட்களோடு, அதில் பாதிக்கு மேல் கூடுதலான ஆட்களையும் சுமந்துகொண்டு அந்தக் கப்பல் காவல் வேலைக்குத் திரும்பியது.

22ஆம் தேதி பனி விலகியது. அன்றிரவு கான்வாயின் முன்புறம் நீர்மூழ்கி ஒன்று நீர்மட்டத்தில் தென்பட, இட்சன் அதை விளக்கடித்துத் தாக்கப் போனது. யூ-666 விட்ட டி5 பட்டதும் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. செயின்ட் குரோய்க்குக் கிடைத்த ஒரு மணி நேரம் இங்கே கிடைக்கவில்லை; படகு இறக்க நேரமில்லை. போலந்துக் கப்பலான ‘விஸ்லா’ நீரிலிருந்து மூன்று பேரைத் தூக்கியது: இட்சன்காரர் இருவர், செயின்ட் குரோயின் ஸ்டோக்கர் ஒருவர். பாலியாந்தஸிலிருந்து தப்பிய ஒருவரும் இங்கேதான் இறந்தார்.

தப்புக் கணக்கு

டி5ஐ விட்டதும் நீர்மூழ்கி உடனே ஆழத்தில் அமிழ்ந்து சத்தமின்றி இருக்க வேண்டும் என்பது கட்டளை. இல்லாவிட்டால் அது தன்னையே தேடி வரக்கூடும். ஆகவே தளபதிகள் விளைவைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டார்கள். நுரைத்தடத்தில் வெடித்தது, ஓட்டம் முடிந்து வெடித்தது, ஆழ்குண்டு வெடித்தது எல்லாமே வெற்றிக் கணக்கில் சேர்ந்தன. 12 காவல் கப்பல்கள் மூழ்கியதாக ஜெர்மன் தலைமை நம்பியது. உண்மையில் மூழ்கியவை மூன்று. லாகன் நான்காவதாகச் சேதமடைந்தது. வணிகக் கப்பல்கள் ஆறு போயின. ஜெர்மனி இழந்தது மூன்று நீர்மூழ்கிகள். இந்தத் தப்புக் கணக்கை நம்பித்தான் அடுத்த மாதங்களிலும் அதே தந்திரத்தைத் தொடர்ந்து, பெரும் நட்டப்பட்டார்கள். யூ-305, யூ-666 இரண்டும் அந்தப் பயணத்திலிருந்து பிரான்ஸ் திரும்பின. 1944 தொடக்கத்தில் இரண்டுமே முழு ஆட்களோடு அழிந்தன.

எதிர்மருந்து சில வாரங்களுக்குள் வந்துவிட்டது. கைதிகள் மூலமும் மறைகுறிச் செய்திகள் மூலமும் இப்படியொரு டார்பிடோ வரும் என்று முன்பே தெரிந்திருந்ததால் வேலை தொடங்கியிருந்தது. பிரிட்டன் செய்தது ‘ஃபாக்சர்’, பின்னால் இரண்டு பக்கமும் இழுத்துச் செல்லும் கனமான கருவி. கனடா செய்தது ‘கேட்’: சட்டத்தில் தளர்வாகப் பொருத்திய இரண்டு உலோகத் துண்டுகள், கப்பலுக்குப் பின்னே கம்பியில் இழுபடும்போது நீரோட்டத்தில் ஒன்றோடொன்று மோதி, புரொப்பல்லரைவிட உரத்த இரைச்சல் எழுப்பும். டார்பிடோ அந்தச் சத்தத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். ஒன்றே போதும், எளிதில் கையாளலாம் என்பதால் ‘கேட்’ நடைமுறைக்கு ஏற்றதாக இருந்தது. இதோடு தந்திரமும் மாறியது: நீர்மூழ்கியின் திசையில் நேராக ஓடாமல் முதலில் பக்கவாட்டில் பெரிதாக விலகி, பிறகு சுற்றி அணுகுவது, அல்லது 7 நாட்டுக்குக் கீழே மெதுவாக ஊர்ந்து போவது.

‘கேட்’டின் குறை, அதே இரைச்சல் நீர்மூழ்கியை ஒலியால் தேடும் தன் ‘அஸ்டிக்’ கருவியின் காதையும் அடைத்துவிடும். ஆகவே ஆபத்தில்லை என்று தோன்றும்போது இழுக்காமல் விட்டுவிடுவார்கள். 1944 மே மாதம், நியூஃபவுண்ட்லாந்தின் ரேஸ் முனைக்கு அப்பால் ‘வேலிஃபீல்டு’ ஃபிரிகேட் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பனிப்பாறைத் துண்டுகள் மிதந்ததால் வளைந்து வளைந்து ஓடவுமில்லை. யூ-548 விட்ட டி5 பட்டு 125 பேர் இறந்தார்கள், 38 பேர் பிழைத்தார்கள். அங்கே நீர் உறைநிலையை ஒட்டி இருந்தது. 13 மணி நேரம் தாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை, பலர் சில நிமிடங்களில் போய்விட்டார்கள்.

ஒரு தன்னார்வ மாலுமியின் பதிவைத் தேடுபவர்களுக்கு

பணி எண் ‘வி’ என்ற எழுத்தில் தொடங்கினால் அவர் தன்னார்வ ரிசர்வ். போரில் இறந்த கனடா படையினரின் பணிக்கோப்புகள் கனடா நூலக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சேர்ந்த ஊர், பயிற்சி, எந்தெந்தக் கப்பலில் எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் வரும். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் ஹாலிஃபாக்ஸ் பாயிண்ட் பிளெசன்ட் பூங்காவில் உள்ள நினைவுச்சின்னத்தின் வெண்கலப் பலகைகளில் உள்ளன. அங்கே 3,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. செயின்ட் குரோய் ஆட்களைத் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவில் இறந்த தேதி செப்டம்பர் 20 என்றிருந்தால், அவர் அன்றே இறந்தார் என்று எழுதிவிடக் கூடாது. அது கப்பல் மூழ்கிய தேதி. 81 பேர் அதற்குப் பின்னும் இரண்டு நாள் உயிரோடு இருந்தார்கள். குடும்ப வரலாறு எழுதுபவர்கள் ‘செப்டம்பர் 20க்கும் 23க்கும் இடையே’ என்று குறிப்பது நேர்மையானது.

அதே ஹாலிஃபாக்ஸில், துறைமுகக் கரையில், அந்த 9ஆம் காவல் குழுவில் இருந்த ‘சாக்வில்’ கார்வெட் இன்றும் இருக்கிறது. ஃபிளவர் வகைக் கார்வெட்டுகளில் மிஞ்சிய ஒரே கப்பல். பின்தளத்தில் ஆழ்குண்டுத் தண்டவாளம், பக்கத்தில் கார்லி மிதவை, கீழே மாலுமிகள் ஊஞ்சல் படுக்கை கட்டிய இடம் எல்லாவற்றையும் நேரில் பார்க்கலாம். மிதவையின் மரச்சட்டத் தரைக்கும் விளிம்புக்கும் உள்ள ஆழத்தை ஒருமுறை பார்த்தால், அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இந்தக் கட்டுரையைவிட நல்ல விளக்கம் கிடைக்கும்.